ஏலத்தில் எடுத்த குட்டி

அத்தியாயம் பதினேழு

சொர்ணலதா ஊருக்கு வருவாளா மாட்டாளா என்று கேட்டு இந்த வாரம் வந்த கார்டுகளை அடுக்கினால் ஒரு சாண் உயரம் இருக்கும். போடிநாயக்கனூர் வாசகி ஒருவர், அண்ணன் கல்யாணத்துக்குக்கூட லீவு தராத அந்தப் பெங்களூர்ப் பேராசிரியரை வெளுத்து வாங்கியிருக்கிறார். பாவம், அந்த மனிதரை விட்டுவிடுங்கள். லீவு கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலமே லதா பஸ் ஏறிவிட்டாள்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு மட்டும் நாலு வார்த்தை. மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

கூடலூர் ராஜமணிக்கு ஒரு வெண்பன்றிப் பண்ணை இருந்தது. குமுளி மலை ஏறிக் கேரளாவுக்குப் போகிற பன்றிகள். போன பிப்ரவரியில் காய்ச்சல் வந்து, பத்தொன்பது நாளில் அறுபத்து நாலும் செத்தன. பண்ணையை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்ட தவசிதான் காரணம் என்று ராஜமணி சொன்னார். தவசிக்கு ஆண்டிபட்டிப் பக்கம் ஊர். அங்கே சாமி கும்பிட்டுப் பன்றி வெட்டிய வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அந்தக் காலோடு கொட்டடிக்குள் வந்து நோயைக் கொண்டுவந்துவிட்டான் என்பது குற்றச்சாட்டு. அதை அவர் வீட்டுக்குள் வைத்துச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையார் அத்தனை பேரும் வெளியே வருகிற நேரத்தில், கோயில் வாசலில் வைத்துச் சொன்னார். கடைசித் தாய்ப் பன்றியும் போய்விட்டது என்று தகவல் சொல்ல ஓடி வந்த மனிதரைத்தான் அப்படிச் சொன்னார். தவசி பதில் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அப்போது வீட்டில் இருந்த லதா, செத்த பன்றிகளின் மண்ணீரலில் துண்டு எடுத்து ஐஸ் பிளாஸ்கில் வைத்துப் பெங்களூருக்குக் கொண்டுபோனாள். அந்தக் கிருமியைப் பற்றித்தான் அவள் அங்கே ஆராய்ச்சி செய்கிறாள். அதே சீசனில் வேறு இரண்டு இடங்களில் எடுத்த குப்பிகளைக் கால்நடை டாக்டர் கர்ணன் கொடுத்தார். அதற்கு ஒன்பது மாதம் ஆகிவிட்டது.

இனி சனிக்கிழமை காலை.

* * *

பஸ்ஸை விட்டு இறங்கும்போது லதாவின் ஒரு தோளில் பை, இன்னொரு கையில் செய்தித்தாள் சுற்றிய நீளமான அட்டைக் குழாய். ராத்திரி முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். மேலே வைத்தால் யாராவது நசுக்கிவிடுவார்கள் என்று பயம்.

அண்ணன் செல்வமணி மொபெட்டோடு நின்றான். வியாழக்கிழமை மாப்பிள்ளை. முகத்தில் அந்தக் களை இருந்தது, கொஞ்சம் வெட்கமும் இருந்தது. பையை வாங்கி முன்னால் மாட்டியவன், குழாய் என்ன என்று கேட்டான்.

"அதுலதாண்ணே எல்லாம் இருக்கு. தவசி மாமா மேல தப்பு இல்ல. இன்னைக்கே ஆண்டிபட்டிக்குப் போயி அவருகிட்டச் சொல்லணும். நீயும் வா."

செல்வமணி வண்டியைக் கிளப்பப் போனவன் நிறுத்திவிட்டான். சாவியைத் திருகியபடியே நின்றான்.

"மாமா இல்ல லதா."

"ஊர்ல இல்லையா?"

"இல்ல. தவறிட்டாரு. தீபாவளிக்கு மூணு நாளைக்கு முந்தி."

லதா பக்கத்திலிருந்த சோடாக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். செல்வமணி மெல்ல மெல்லச் சொன்னான். பன்றியைக் கொன்றவன் என்று பெயர் வாங்கிய பிறகு கூடலூரிலிருந்து கம்பம் வரை எந்தக் கொட்டடியிலும் தவசியைச் சேர்க்கவில்லை. ஊருக்குப் போய்ச் செங்கல் சூளையில் மண் சுமந்தார். நெஞ்சில் சளி கட்டியது, சூளைப் புகை சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போன நாலாம் நாள் முடிந்துவிட்டது. செய்தி வந்தும் அப்பா போகவில்லை. லதாவுக்கு எழுத வேண்டாம் என்று அம்மாதான் சொன்னாள். எழுதினால் இவள் கிளம்பி வந்து கத்துவாள், கல்யாண வேளையில் வீடு ரெண்டுபடும் என்று பயம்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு என்ன செய்துகொண்டிருந்தோம் என்று லதா யோசித்தாள். நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்குத்தான் பல மாதத் தோல்விக்குப் பிறகு எக்ஸ்ரே பிலிமில் கோடுகள் தெளிவாக விழுந்தன. இருட்டறையிலிருந்து பிலிமைச் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, ஆய்வகத்தில் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பை அவளால் தாங்க முடியவில்லை. சோடாக்கடைக்காரர் பார்க்கிறார் என்றுகூட எண்ணாமல் அழுதாள்.

செல்வமணிக்குத் தங்கையைத் தேற்றத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அப்படியானால் நோய் எங்கிருந்துதான் வந்தது என்று கேட்டான். அப்பாவிடம் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாள் லதா.

அவள் அண்ணனிடம் சொல்லாததை உங்களிடம் மறைப்பானேன். அந்தக் குழாய்க்குள் இரண்டு சேதி இருந்தன. ஒன்று, தவசியின் ஊர்க் கிருமி வேறு, பண்ணைக் கிருமி வேறு. இரண்டாவது, பண்ணைக் கிருமியும் காமயகவுண்டன்பட்டி அருமைநாயகத்தின் திராட்சைத் தோட்டத்துக் கொட்டடியில் இருந்த கிருமியும் ஒன்றே. அருமைநாயகம் யார் என்று பழைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வியாழக்கிழமை செல்வமணி கட்டிக்கொள்ளப் போகிற பியூலாவின் அப்பா.

* * *

வீட்டில் அதிரசம் வெந்துகொண்டிருந்தது. அன்னத்தாய் மகளைப் பார்த்ததும் மாவுக் கையோடு எழுந்து வந்தாள். மகளின் வீங்கிய கண்ணைப் பார்த்ததும் செல்வமணி சொல்லிவிட்டான் என்று புரிந்துகொண்டாள். உள்ளறைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

லதா சொன்னதை எல்லாம் கேட்டாள். பெரிய படிப்புப் படித்த மகள் சொல்வது பொய்யாக இராது என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் பயந்தாள்.

"நாளைக்குக் கோயில்ல மூணாவது கல்யாண ஓலை வாசிக்கிறாகத்தா. வியாழக்கெழம கல்யாணம். செத்துப் போனவனுக்குச் சாட்சி சொல்லி, உசுரோட இருக்கிறவன் வாழ்க்கையக் கெடுக்கணுமா? அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"

பியூலாவை அவளுக்குப் பிடிக்கும். இரண்டு வாரம் கழித்துச் சொல்லலாமே என்று அம்மா கேட்டபோது, சரி என்று தலையாட்டவும் செய்தாள். தவசி உயிரோடு இருந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போட்டிருக்க மாட்டாள். இனி ஒரு நாளானால் என்ன, ஒரு வருஷமானால் என்ன என்று தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதற்கு உடனே வெட்கப்படவும் செய்தாள்.

ஆனால் அப்பாவே கேட்டுவிட்டார்.

பின்பக்கம் பன்றிக் கொட்டடிகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. சுண்ணாம்பு அடித்துக் கழுவிவிட்டிருந்த தரையில் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த அண்டாக்களும் பந்தல் கம்புகளும் குவிந்திருந்தன. ராஜமணி ஒரு கொட்டடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது. வா என்றவர், கையிலிருப்பது என்ன என்று கேட்டார். குழாயை அறையில் வைத்துவிட்டு வர வேண்டும் என்று லதாவுக்குத் தோன்றாமல் போய்விட்டது. ஒரு ராத்திரி முழுக்கப் பிடித்திருந்தது, கைக்குப் பழகிவிட்டது.

"ஒண்ணுமில்லப்பா."

"நம்ம பன்னிகளோடதா?"

அவரிடம் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. பிலிமை உருவி வெளிச்சத்தில் விரித்தாள். சாம்பல் நிறத் தாளில் மூன்று கட்டு, கட்டுக்கு நாலு வரிசையாகக் கறுப்புக் கோடுகள், ஏணிப் படி மாதிரி.

அந்தக் கிருமியின் உடம்பு முழுக்க எழுத்துதான் என்று சொன்னாள். நாலே எழுத்து, மாறி மாறிப் பன்னிரண்டாயிரம் தடவைக்கு மேல் வரும். அதில் ஒரு மூலையில் முந்நூற்றுப் பத்து எழுத்தை மட்டும் அவள் படித்திருக்கிறாள். கீழிருந்து மேலே ஒவ்வொரு கோடாக ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத வேண்டும். பிறகு ஆளை மாற்றி மறுபடி வாசிக்க வேண்டும். ஒரு கோடு தப்பினால் எல்லாம் தப்பு. கரண்டு போய் ஐஸ் உருகி ஒரு மாத வேலை வீணானதையும் சொன்னாள். ராஜமணிக்கு அது எதுவும் மனசில் ஏறவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அப்போதுதான் அவளுக்கு வேறு வழி தோன்றியது.

"ஒரே ஈத்துக் குட்டிகளுக்கு ஒரே மாதிரிதானப்பா காது வெட்டுவீக? எந்தக் கொட்டடிக்குள்ள நின்னாலும் காதப் பாத்தே இன்ன தாயோட குட்டின்னு தவசி மாமா சொல்லுவாகல்ல. இதுவும் அப்படித்தான். இந்த எழுத்தெல்லாம் கிருமியோட காதுவெட்டு."

ராஜமணி பிலிமைக் கையில் வாங்கினார்.

"இது நம்ம பண்ணை. இது தவசி மாமா ஊரு. பதினாலு எடத்துல வெட்டு வேற. ஒரே ஈத்து இல்ல."

"அந்த மூணாவது?"

"முந்நூத்திப் பத்துல ஒண்ணுகூட மாறல. நம்மதும் அதுவும் ஒரே தாய்."

"எந்த ஊருத்தா அது?"

லதா குழாயின் மூடியைத் திருகினாள். ராஜமணி பிலிமைப் பார்த்துக்கொண்டே காமயகவுண்டன்பட்டியா என்று கேட்டார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். டாக்டர் கர்ணன் குப்பிகளில் நம்பரை மட்டும் எழுதியிருந்தார். எந்த நம்பர் எந்த ஊர் என்பது அவருடைய நோட்டில் இருந்தது. ராமநாதபுரத்துக்கு மாற்றலாகிப் போயிருந்த அவரைத் தேடிப் பிடித்து எழுதிக் கேட்டு, பதில் வந்தது போன வியாழக்கிழமைதான்.

அப்பாவுக்குக் கோபம் வரும், பிலிமைத் தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அதைப் பத்திரமாகச் சுருட்டிக் கொடுத்தார். பண்ணையில் முதலில் விழுந்தது எந்தக் குட்டி என்று இருவருக்குமே தெரியும்.

ஜனவரி இருபத்திரண்டாம் தேதி அறுப்பின் பண்டிகை. சபையார் முதல் விளைச்சலைக் கோயிலுக்குப் படைப்பார்கள். பூசணி, வாழைத்தார், சேவல், ஆட்டுக்குட்டி என்று வந்ததை எல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவார்கள். அருமைநாயகம் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி ஒரு வெண்பன்றிக் குட்டியைப் படைத்திருந்தார். சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். ராஜமணி விடாமல் ஏலம் கேட்டு அதை எடுத்தார். வெளியிலிருந்து வருகிற எந்தப் பன்றியையும் மூன்று வாரம் ஒதுக்குக் கொட்டடியில் கட்டிவைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுவது அந்தப் பண்ணையின் வழக்கம். ஆனால் கோயில் ஏலத்தில் எடுத்ததை அன்றே தன் உடைமையோடு சேர்த்துவிட வேண்டும் என்பது சபையாரின் வழக்கம். ஆண்டவருக்குப் படைத்ததைச் சந்தேகப்பட்டு ஒதுக்கி வைப்பார்களா? ரிப்பனோடு குட்டி நேரே பெரிய கொட்டடிக்குள் போனது. ஒன்பதாம் நாள் அதன் காது நீலம் பாரித்தது, பின்னங்கால் இழுத்தது.

"ஒங்கம்மாட்ட வெள்ளச் சட்டை எடுத்து வைக்கச் சொல்லு. ஆண்டிபட்டி வரைக்கும் போயிட்டு வந்துருவோம்" என்றார் ராஜமணி.

* * *

அன்னத்தாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கத் துக்க வீட்டுக்குப் போகிற வீடு உண்டா என்று கேட்டாள். ராஜமணி செருப்பை மாட்டினார். லதா பையை வீட்டிலேயே விட்டுவிட்டு, குழாயை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

கம்பம், சின்னமனூர், தேனி. பஸ் மாறி ஆண்டிபட்டி. வயல்களின் பச்சை தேனியோடு முடிந்து, செம்மண்ணும் கருவேலமும் ஆரம்பித்தபோது லதாவுக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. மாமாவைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஆனாலும் உண்மையைக் கொண்டுபோகிறோம், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறோம். மலையம்மாள் அத்தை இனிமேல் தலை நிமிர்ந்து நடப்பாள். அவள் அப்படித்தான் நினைத்தாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

மலையம்மாள் மகள் வீட்டில் இருந்தாள். உள்ளே தறி ஓடுகிற சத்தம். வாசல் பந்தலுக்குக் கீழே ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள், ராஜமணியைக் கண்டதும் எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். வாங்க மொதலாளி என்றாள். நாற்காலி எடுத்துப் போட்டாள். பாப்பா இளைத்துவிட்டதே என்று லதாவின் கன்னத்தைத் தடவினாள். அழவில்லை.

லதா பிலிமை விரித்தாள். பஸ்ஸில் மனசுக்குள் ஒத்திகை பார்த்ததை எல்லாம் சொன்னாள். எழுத்து, காதுவெட்டு, பதினாலு வித்தியாசம். மாமா ஊரிலிருந்து நோய் வரவில்லை அத்தை, இது சாட்சி, யாரும் இனிமேல் மறுக்க முடியாது என்று முடித்தாள்.

மலையம்மாள் கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள். பிலிமின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எம்புட்டுக் கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சிருக்க. ஒன்னைய ஒண்ணும் சொல்லல பாப்பா, நீ நல்லாயிரு" என்றாள். பிறகு ராஜமணியின் பக்கம் திரும்பினாள். "மொதலாளி, இது ஒங்களுக்கு முந்தியே தெரியாதா?"

உள்ளே தறி நின்றது.

"தெரியும் மலையம்மா" என்றார் ராஜமணி.

லதா அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலையம்மாள்தான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. ஏலம் நடந்த அன்று சாயங்காலம் தவசிக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் குட்டியைத் தனியாகக் கட்டுவோம் மொதலாளி, கண்ணு ஒரு மாதிரி பீளை தள்ளியிருக்கு என்று சொல்லியிருக்கிறார். சபையார் பத்துப் பேர் கூட நின்றார்கள், அருமைநாயகமும் நின்றார். கோயில் பொருளுக்குத் தோஷம் சொல்கிறாயா என்று ராஜமணி சத்தம் போட்டிருக்கிறார். பண்ணைக் குட்டி என்று காது வெட்டிவிட்டால்தான் மற்றதோடு விடலாம். மூன்று வாரம் கழியாமல் வெட்ட மாட்டேன் என்று தவசி இடுக்கியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"நீங்களே பிடுங்கி வெட்டினீகளாம். 'கோணலா வெட்டிட்டாரு, குட்டிக்கு ரத்தம் நிக்கல'ன்னு அதையும் சொல்லி வருத்தப்பட்டாக."

லதாவுக்கு அந்தக் காது ஞாபகம் வந்தது. மண்ணீரல் எடுக்கிறபோது பார்த்தாள். வலது காதில் வெட்டு கோணலாக இருந்தது. மாமாவுக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது போல என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

ஒன்பது மாதம் இருட்டறையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அவள் கண்டுபிடித்தது, முதல் நாளிலிருந்து அப்பாவுக்குத் தெரியும். இந்த மனிதரையா ஊரிலேயே நேர்மையானவர் என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தோம் என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. ஏனப்பா என்று கேட்டாள்.

"கோயில்ல எடுத்த குட்டியால வந்துச்சுன்னு எப்படிச் சொல்ல? அது சம்பந்தி குடுத்தது. அறுபத்தி நாலு குழி வெட்டியிருக்கேன். யாரு மேலயாவது போட்டாத்தான் நிக்க முடியும்னு இருந்துச்சு." நிறுத்தினார். பிறகு இன்னும் மெதுவாகச் சொன்னார். "அவன் திருப்பிப் பேச மாட்டான்னு எனக்குத் தெரியும்."

மலையம்மாள் தலையை ஆட்டினாள். "நான் கேட்டேன் மொதலாளி. நீங்க சொன்னத அந்த வாசல்லயே சொல்ல வேண்டியதுதானன்னு கேட்டேன். 'புள்ளைக ரெண்டும் பக்கத்துல நின்னுச்சுக, அதுக முன்னால அவுக அப்பாவ எப்படிச் சொல்ல'ன்னாக."

அந்த வாசலில் லதா நின்றிருந்தாள். வெள்ளைத் தாவணி போட்டுக்கொண்டு, கையில் பாட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்தாள். அவளுக்காகத்தான் தவசி துண்டை உதறிக்கொண்டு போனார் என்பது இப்போதுதான் தெரிகிறது. சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

ராஜமணி நாற்காலியை விட்டு எழுந்தார். பெரிய உடம்பு. இரண்டு கையையும் கூப்பினார். நான் செஞ்சது தப்பு மலையம்மா என்றார்.

மலையம்மாள் அதை ஏற்றுக்கொண்டதாகவும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"இங்கன வந்து சொல்லிட்டீக. இங்கன யாரும் அவுகளத் தப்பா நெனைக்கலையே. எங்கன வச்சுப் பேசினீகளோ அங்கன போய்ச் சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்றேன்."

"சொல்லுங்க" என்றவள் உள்ளே போய், ஒரு துணி முடிச்சோடு வந்தாள். காது வெட்டுகிற இடுக்கி. பண்ணைச் சாமான் தெரியாமல் மடியோடு வந்துவிட்டது, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று தவசி சொல்லிக்கொண்டே இருந்தாராம். அதுவரை துருப்பிடிக்கக் கூடாது என்று வாராவாரம் எண்ணெய் தடவி வைத்தாராம். சூளைக்குப் போக முடியாமல் படுத்த வாரத்திலும் தடவினாராம்.

* * *

திரும்பி வருகிற பஸ்ஸில் லதா அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தாள். அவரும் கூப்பிடவில்லை.

அப்பா நாளைக்கு எழுந்து சொல்வார், அது நிச்சயம். சொல்லிய வாக்கை மாற்றுகிறவர் இல்லை என்று நினைத்தவள், அந்த நினைப்பையும் இனி நம்பலாமா என்று யோசித்தாள். இன்னொன்று அவளை அரித்தது. டாக்டர் கர்ணனின் கடிதத்தில் ஊர்ப் பெயரோடு தேதியும் இருந்தது. அருமைநாயகத்தின் தோட்டத்தில் மண்ணீரல் எடுத்த தேதி 9-1-89. அறுப்பின் பண்டிகைக்குப் பதின்மூன்று நாள் முன்பு. அவர் கொட்டடியில் பன்றி சாகத் தொடங்கிய பிறகுதான் அந்தக் குட்டியின் கழுத்தில் ரிப்பன் ஏறியிருக்கிறது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவின் தப்பை அப்பா சொல்லட்டும். இதைச் சொன்னால் கல்யாணம் நிற்கும், பியூலா வாழாமலே பெயர் கெட்டவள் ஆவாள். தவசி மாமா வாயை மூடிக்கொண்டார், நானும் மூடிக்கொள்ளலாமே என்று எண்ணினாள். அது ஒன்றா என்று மனசு கேட்டது.

கூடலூரில் இறங்கும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. வீட்டு வாசலில் ஜீப் நின்றது.

அருமைநாயகம் கூடத்தில் காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பந்தலுக்கு வாழைமரம் கொண்டுவந்திருக்கிறார். ஸ்தோத்திரம் சம்பந்தி, எங்க போயிட்டு வாரீக என்று கேட்டார். பக்கத்தில் நின்ற அன்னத்தாய் கணவனைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள்.

"தவசி வீட்டுக்கு" என்றார் ராஜமணி.

"அவன்தான் போயிட்டானே. பழச விடுங்க சம்பந்தி. மங்கள காரியம் நடக்கிற வீடு."

ராஜமணி துணி முடிச்சை அவிழ்த்து இடுக்கியை மேஜை மேல் வைத்தார்.

"நாளைக்கு ஓலை வாசிச்சதும் நான் எந்திரிச்சுச் சபைக்கு முன்னால பேசப் போறேன். அந்தக் குட்டிக்குக் காது வெட்டினது என் கை. அவன் வேணாம்னான். ஒங்களுக்கும் தெரியும், நீங்களும் நின்னீக."

அருமைநாயகம் டம்ளரைக் கீழே வைத்தார். அதெல்லாம் இப்போது எதற்கு என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் பார்வை ராஜமணியைத் தாண்டி உள்ளறை வாசலுக்குப் போனது. லதாவும் திரும்பிப் பார்த்தாள்.

செல்வமணி நின்றிருந்தான். காலையில் அவள் சொல்லாமல் விட்டதை அவனே தேடிவிட்டான். அவள் பை அவன் காலடியில் திறந்து கிடந்தது. கையில் ராமநாதபுரத்துக் கடிதம்.

"மாமா, ஜனவரி ஒம்பதாந் தேதி ஒங்க தோட்டத்துக்கு டாக்டர் எதுக்கு வந்தாரு?"

அடுப்படியில் அதிரசம் கருகுகிற வாசனை வந்தது, அன்னத்தாய் போகவில்லை. அருமைநாயகம் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். லதாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதே மாதிரி துண்டை உதறிக்கொண்டு போன ஒரு மனிதர் ஒன்பது மாதமாக அவள் கண்ணுக்குள் நிற்கிறார்.

ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. செல்வமணி கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"அப்பா, நாளைக்கு ஓலை வாசிச்சிட்டு, 'தடை சொல்றவுக உண்டா'ன்னு போதகர் கேப்பாரு. நீங்க ஒருத்தர் எந்திரிச்சாப் போதுமா, நானும் எந்திரிக்கணுமா?"

ராஜமணி மகனை நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவசி தடவி வைத்திருந்த எண்ணெய் அதில் ஒட்டியிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.